சீருடைக்குள் பங்கீடு, சீருடைக்கு வெளியே அதிகாரம்

1993 ஜூன் மாதம் புருண்டியில் முதல் பலகட்சி அதிபர் தேர்தல் நடந்தது. மெல்கியோர் ந்தாதாயே ஏறத்தாழ 65 சதவீத வாக்குகள் வாங்கி வென்றார். அந்த மாதமே நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் 81 இடங்களில் 65 அவருடைய கட்சிக்குக் கிடைத்தன. நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் ஹுட்டுகளாக இருக்கும் நாட்டில் அப்போதுதான் முதன்முதலாக ஒரு ஹுட்டு அதிபரானார். தோற்றுப்போன, சிறுபான்மை டுட்சி இனத்து அதிபர் பியர் புயோயா முடிவை ஏற்று நாற்காலியை விட்டு இறங்கினார். எல்லாம் முறைப்படி நடந்தது, ஒன்றைத் தவிர. முகாம்களில் இருந்தது பழைய ராணுவம். அதன் அதிகாரிகள் கிட்டத்தட்ட எல்லோரும் டுட்சிகள். பதவியேற்று மூன்று மாதம் தாண்டி சில நாள்தான் ஆகியிருந்தது. அக்டோபர் 21 அன்று சொந்த நாட்டுச் சிப்பாய்களே அதிபரைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றார்கள். செய்தி பரவியதும் ஊர்ப்புறங்களில் ஹுட்டுக் கும்பல்கள் அக்கம்பக்கத்து டுட்சிகளை வெட்டின. அடக்க வந்த ராணுவம் ஹுட்டு ஊர்களை அழித்தது. அப்படித் தொடங்கிய உள்நாட்டுப் போர் பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்து, ஏறக்குறைய 3 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது.

அந்த ராணுவம் ஒரே நாளில் ஒற்றை இனத்து ராணுவமாகிவிடவில்லை. 1965இல் ஹுட்டு அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றார்கள். அதையே காரணமாக வைத்துப் படையிலிருந்து ஹுட்டுகள் களையெடுக்கப்பட்டார்கள். 1972இல் ஒரு ஹுட்டுக் கிளர்ச்சிக்குப் பதிலடி என்ற பெயரில் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், மாணவர்கள் என்று படித்த ஹுட்டுகளை ராணுவம் தேடித் தேடிக் கொன்றது. குறைந்த மதிப்பீட்டின்படியே 1 லட்சம் பேர் மடிந்தார்கள். 1966 முதல் 1993 வரை ஆண்ட மிகொம்பெரோ, பகாசா, புயோயா மூவருமே ராணுவத்தினர்; மூவரும் புருரி மாகாணத்துக்காரர்கள்; மூவரும் கவிழ்ப்பின் வழியாகவே ஆட்சியைப் பிடித்தவர்கள். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சாதாரண டுட்சிகளின் கண்ணில் அந்த ராணுவம் அவர்களுடைய ஒரே பாதுகாப்பு. 1959க்குப் பிறகு பக்கத்து நாடான ருவாண்டாவில் டுட்சிகள் கொன்று விரட்டப்பட்டதை அவர்கள் பார்த்திருந்தார்கள். 1994இல் அங்கே நடந்த இனப்படுகொலை அந்தப் பயம் வீண் பயமில்லை என்று காட்டிவிட்டது. பிளவுபட்ட சமூகத்தில் ஒரு தரப்பின் காவல் இன்னொரு தரப்பின் எமனாகத் தெரிவது இப்படித்தான். பெரும்பான்மைக்கு வாக்குப்பெட்டி, சிறுபான்மைக்குத் துப்பாக்கி என்ற ஏற்பாடு எவ்வளவு நாள் தாங்கும்?

2000 ஆகஸ்ட் 28 அன்று தான்சானியாவின் அருஷா நகரில், நெல்சன் மண்டேலா நடுவராக இருக்க, இதற்கு ஒரு விடை எழுதப்பட்டது. 2005இல் வந்த அரசியலமைப்பு அதைச் சட்டமாக்கியது: பாதுகாப்புப் படைகளில் எந்த இனமும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இனப்படுகொலையையும் ஆட்சிக் கவிழ்ப்பையும் தடுப்பதே நோக்கம் என்று அந்தப் பிரிவே காரணத்தையும் சொல்கிறது. காட்டிலிருந்து வந்த ஹுட்டுப் போராளிகளும் அவர்களோடு நேற்றுவரை சண்டையிட்ட டுட்சி அதிகாரிகளும் ஒரே முகாமில் படுத்து, ஒரே அணிவகுப்பில் நின்றார்கள். 2007 முதல் சோமாலியாவில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதிப் படையில் ஆயிரக்கணக்கில் ஒன்றாகவே பணியாற்றினார்கள். மக்களில் ஏறத்தாழ 14 சதவீதமே உள்ள டுட்சிகளுக்குப் படையில் பாதி இடம் என்பது கணக்கு நியாயத்துக்கு ஒத்துவராது. ஆனால் அது பிரதிநிதித்துவத்துக்காகப் போட்ட கணக்கே இல்லை. ஒரு தரப்பு மற்றதைத் தனியாக அழிக்க முடியாதபடி கட்டிய அணை அது.

அணை தாங்கியதா என்பதற்கான சோதனை 2015இல் வந்தது. அதிபர் பியர் என்குருன்சிசா மூன்றாம் முறையாகப் போட்டியிடுவதை எதிர்த்துத் தெருவில் மக்கள் திரண்டார்கள். மே 13 அன்று ராணுவத்தின் ஒரு பகுதி ஆட்சியைக் கவிழ்க்க முயன்றது. தலைமை தாங்கிய ஜெனரல் கோதஃப்ருவா நியோம்பாரே, அதிபரைப் போலவே ஹுட்டு, அவரோடு ஒரே கிளர்ச்சிப் படையில் இருந்தவர். உடன் நின்ற முக்கிய ஜெனரல் பழைய டுட்சி ராணுவத்துக்காரர். எதிர்த்து அதிபரைக் காப்பாற்றிய பக்கமும் கலப்புதான். இரண்டே நாளில் முயற்சி தோற்றது. தோற்றதைவிட முக்கியம், தலைநகரில் சுட்டுக்கொண்ட இரு தரப்புகளையும் இனத்தை வைத்துப் பிரிக்க முடியவில்லை என்பது. 1993இல் நடந்ததோடு ஒப்பிட்டால் இது சாதாரண மாற்றமில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்காமல் புருண்டியை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். கவிழ்ப்பு முறிந்த பின் அடக்குமுறையின் முன்வரிசையில் நின்றவை போலீஸும், உளவுத்துறையும், இம்போனெராகுரே என்ற ஆளுங்கட்சியின் இளைஞர் படையும். பழைய ராணுவத்திலிருந்து வந்த டுட்சி அதிகாரிகள் பலர் கைதானார்கள், கொல்லப்பட்டார்கள். நாட்டைவிட்டு ஓடியவர்கள் 4 லட்சத்தைத் தாண்டினார்கள். மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் நடந்ததாக நம்ப இடமிருக்கிறது என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2017இல் சொன்னது. அரசியலமைப்பில் பாதிக்குப் பாதி என்ற விதி அப்போதும் எழுத்து மாறாமல் இருந்தது. ராணுவத்தில் தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அதிகாரம் யாரும் எண்ணாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. கட்சி இளைஞர் படைக்கு எந்த ஒதுக்கீடு?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான். பிளவுபட்ட நாட்டில் படைகளுக்குள் எல்லாத் தரப்பும் இருக்க வேண்டும். அதில் சமரசமே கிடையாது. ஆனால் பங்கீடு ஒரு தீமையைத் தடுக்கும், அவ்வளவே. படை ஒரு சமூகத்தின் கைவாளாக மாறாமல் பார்த்துக்கொள்ளும். எல்லோரையும் காக்கும் படையாக அதை மாற்றுவது வேறு வேலை. கட்டளை யாருடைய வாயிலிருந்து வருகிறது, தவறு செய்தால் யார் கணக்குக் கேட்பார்கள், அந்தப் படைக்குப் பக்கத்தில் வேறு எந்த ஆயுதப் படை சுதந்திரமாகத் திரிகிறது என்ற மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில், பங்கீடு பத்திரமாக இருக்கும், மக்கள் இருக்கமாட்டார்கள்.

இராக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரே உத்தரவில் பழைய ராணுவத்தைக் கலைத்தார். பிறகு கட்டிய புதிய ராணுவத்தைக் காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. 2004 முதல் பத்தாண்டுகளுக்கு மேல் ராணுவத் தளபதியாக இருந்தவர் ஒரு குர்து. பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் பொறுப்பாளர் ஒரு சன்னி. ஆனால் ஷியா பிரதமர் நூரி அல்-மாலிகி முக்கியப் படைப்பிரிவுகளைத் தன் அலுவலகத்தின் நேரடிக் கட்டளைக்குக் கொண்டுவந்திருந்தார். உள்துறை அமைச்சர் நாற்காலியில் யாரையும் உட்காரவைக்காமல் தானே கவனித்துக்கொண்டார். அடுக்கில் மேலே இருந்தவர்களின் இனமும் மதமும் அலங்காரமாகிப்போயின. 2014 ஜூனில் ஐஎஸ் ஆயுததாரிகள் சிலநூறு, மிஞ்சிப்போனால் ஓரிரு ஆயிரம் பேர் வந்தபோது, சன்னிகள் பெரும்பான்மையாக வாழும் மொசூல் நகரைக் காக்க வேண்டிய டிவிஷன்கள் கலைந்து ஓடின. சம்பளப் பட்டியலில் மட்டும் வாழும் 50,000 சிப்பாய்களைக் கண்டுபிடித்திருப்பதாக அந்த ஆண்டின் இறுதியில் புதிய பிரதமர் ஹைதர் அல்-அபாதி அறிவித்தார். விழுந்த இடத்தை நிரப்ப வந்தவை பெரும்பாலும் ஷியா துணைப்படைகள். 2016இல் அவற்றுக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது.

லெபனான் இதைவிடச் சிக்கலான பாடம். நிதானமாகப் பார்க்க வேண்டியதும்கூட. அங்கே ராணுவத் தளபதி எப்போதும் மரோனைட் கிறிஸ்தவர். தலைமைப் பணியாளர் ட்ரூஸ். உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின் தலைவர் சன்னி. 1998 முதல் பொதுப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தலைவர் ஷியா. அதிகாரிகளில் பாதி கிறிஸ்தவர், பாதி முஸ்லிம். இந்த ராணுவம் இரண்டு முறை உடைந்து பார்த்திருக்கிறது. 1976 தொடக்கத்தில், உள்நாட்டுப் போரில் ராணுவம் கிறிஸ்தவர் பக்கம் சாய்கிறது என்று சொல்லி, லெப்டினன்ட் அகமது அல்-கதீப் தன்னோடு ஒரு பகுதியைப் பிரித்துக்கொண்டு போனார். 1984 பிப்ரவரியில், அதிபர் அமீன் ஜெமாயெலின் ராணுவம் பெய்ரூத்தின் ஷியா புறநகர்கள்மீது குண்டு வீசியபோது, ஷியாக்கள் மிகுந்த 6ஆவது பிரிகேட் சண்டையிட மறுத்து மறுபக்கம் போய்விட்டது. இரண்டு முறையும் உடைந்தது கலப்பு இல்லாததால் அல்ல. கலந்திருந்த படையை ஒரு சமூகத்துக்கு எதிராக ஏவியதால் உடைந்தது.

இதை முன்பே புரிந்துகொண்டவர் ஃபுவாத் ஷெஹாப். 1958இல் அதிபர் காமில் ஷமூன் எதிர்ப்பாளர்களை நசுக்கச் சொன்னபோது தளபதி ஷெஹாப் ராணுவத்தை இறக்க மறுத்தார். ராணுவம் பிழைத்தது, அதே ஆண்டு அவரே அதிபருமானார். அந்தப் பாடம் கூடுதலாகவே பதிந்துவிட்டதோ என்று தோன்றும்படி, உள்நாட்டுப் போரை முடிக்க வந்த 1989இன் தாயிஃப் ஒப்பந்தத்துக்குப் பின் தளபதி எமில் லஹூத் பிரிகேடுகளை மதம் கலந்து மறுபடி கட்டினார். பிறகு சண்டையில் யார் பக்கமும் சாயாமல் நிற்பதே ராணுவத்தின் இயல்பானது. 2008 மே 5 அன்று அமைச்சரவை ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் தனித் தொலைபேசி வலையமைப்பு சட்டவிரோதம் என்று அறிவித்து, அந்த இயக்கத்துக்கு நெருக்கமான விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரியையும் மாற்றியது. சில நாளிலேயே ஹிஸ்புல்லா மேற்கு பெய்ரூத்தைக் கைப்பற்றியது. ராணுவம் தெருவில் இருந்தது, தலையிடவில்லை. பிறகு அமைச்சரவையின் இரண்டு முடிவுகளையும் நடைமுறையில் நிறுத்திவைத்ததும் ராணுவமே. அந்த மாதம் 25ஆம் தேதி தளபதி மிஷெல் சுலைமான் அதிபரானார்.

கோழைத்தனம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு நஹ்ர் அல்-பாரிது பாலஸ்தீன அகதி முகாமில் ஃபதா அல்-இஸ்லாம் என்ற ஆயுதக் குழுவோடு மூன்று மாதத்துக்கு மேல் இதே ராணுவம் போரிட்டு, 160க்கும் அதிகமான வீரர்களை இழந்தது. படை ஓரிடத்தில்கூட விரிசல் விடவில்லை. அந்தக் குழுவுக்குப் பின்னால் லெபனானின் எந்தப் பெரிய சமூகமும் இல்லை என்பதே வேறுபாடு. கலப்புப் படை வெளி எதிரியோடு பொருதும். தனக்குள் இருக்கும் ஒரு சமூகத்தின் ஆயுதத்தோடு பொருதாது. அப்படியானால் அந்த ஆயுதத்தை யார் எடுப்பது? முப்பதாண்டுகளுக்கு மேல் இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்து மற்ற துணைப்படைகள் கலைந்தபோது, ஹிஸ்புல்லா மட்டும் எதிர்ப்பு இயக்கம் என்ற பெயரில் துப்பாக்கியை வைத்துக்கொண்டது. ராணுவத்தின் சமநிலை அதற்கு நிழல் கொடுத்தது. 2024 நவம்பரில் இஸ்ரேலோடு போர்நிறுத்தம் வந்த பிறகு, 2025 ஆகஸ்ட் 5 அன்று, ஆயுதம் அரசிடம் மட்டுமே இருக்க ஒரு திட்டம் தீட்டும்படி அமைச்சரவை ராணுவத்தைக் கேட்டுக்கொண்டது. ஷியா அமைச்சர்கள் கூட்டத்திலிருந்து வெளியேறினார்கள்.

இந்த வேலையைச் செய்யச் சொல்லப்படும் சிப்பாயின் நிலையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2019இல் லெபனானின் நாணயம் சரியத் தொடங்கியது. 800 டாலர் அளவில் இருந்த சிப்பாயின் மாதச் சம்பளம் சில ஆண்டுகளில் 100 டாலருக்கும் கீழே போனது. 2020 ஜூனில் முகாம் சாப்பாட்டிலிருந்து இறைச்சியை நீக்கியதாக ராணுவம் அறிவித்தது. அடுத்த ஆண்டு கோடையில் கஜானாவுக்குக் காசு சேர்க்க, சுற்றுலாப் பயணிகளை 150 டாலருக்குக் கால் மணி நேரம் ராணுவ ஹெலிகாப்டரில் சுற்றிக்காட்டினார்கள். பின்னர் அமெரிக்காவும் கத்தாரும் சிப்பாய்களின் சம்பளத்துக்கு மேல்காசு கொடுத்தன. பகலில் சீருடை, ஓய்வு நாளில் டாக்ஸி என்று வாழும் சிப்பாயிடம், அவருடைய சொந்த ஊரில் அவருடைய சொந்தக்காரரின் கிடங்கைச் சோதனையிடச் சொல்வது எத்தனை பாரம் என்பதை மத ஒதுக்கீட்டு அட்டவணை காட்டாது. படையின் கலப்பைப் பற்றிப் பேசுபவர்கள் படையின் அடுப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை.

வட அயர்லாந்து இந்தக் கதைகளிலிருந்து வேறுபடுவது, அங்கே கட்டளை, கணக்குக் கேட்பது, பக்கத்து ஆயுதப் படை என்ற மூன்று கேள்விகளையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டதால். 1922இல் ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி என்ற போலீஸ் படை தொடங்கியபோதே மூன்றில் ஒரு பங்கு இடம் கத்தோலிக்கர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அந்த இடங்கள் ஒருபோதும் நிரம்பவில்லை. 1998இல் கத்தோலிக்கர் பங்கு சுமார் 8 சதவீதம். காரணம் ஒன்றல்ல. போலீஸின் பக்கத்திலேயே கிட்டத்தட்ட முழுக்கப் புராட்டஸ்டன்ட்களால் ஆன 'பி ஸ்பெஷல்ஸ்' துணைப்படை இருந்தது. 1970இல் அதைக் கலைத்துவிட்டு ராணுவத்தின் கீழ் அல்ஸ்டர் பாதுகாப்பு ரெஜிமென்ட் தொடங்கினார்கள்; தொடக்கத்தில் ஏறத்தாழ 18 சதவீதமாக இருந்த அதன் கத்தோலிக்கர் பங்கும் பின்னர் 3 சதவீதம் அளவுக்குத் தேய்ந்தது. இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது: பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐஆர்ஏ ஆயுதக் குழு, போலீஸில் சேர்ந்த கத்தோலிக்கரைத் துரோகியாகக் கருதிக் குறிவைத்தது. கெயிலிக் விளையாட்டுச் சங்கம் தன் விதிகளில் போலீஸாருக்கு உறுப்பினர் கதவையே மூடிவைத்திருந்தது. 1998 வரை நீண்ட முப்பதாண்டுக் கலவரத்தில் கொல்லப்பட்ட போலீஸார் மட்டும் 300க்கு மேல்.

1998 சமாதான உடன்பாட்டின்படி, ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டன் தலைமையில் அமைந்த கமிஷன் 1999 செப்டம்பரில் 175 பரிந்துரைகளைத் தந்தது. எல்லோருக்கும் நினைவிருப்பது 50:50 ஆள்சேர்ப்பு: தேர்வுகளில் தேறியவர்களிலிருந்து பாதிக் கத்தோலிக்கர், பாதி மற்றவர். என் கணிப்பில் அதைவிடப் பெரியவை அந்தக் காலத்தில் வந்த வேறு மாற்றங்கள். போலீஸ் தலைவரைப் பொதுவெளியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் 19 பேர் கொண்ட வாரியம். அதில் பத்துப் பேர் கட்சிக்காரர்கள், மீதி ஒன்பது பேர் கட்சி சாராதவர்கள். புகார்களைப் போலீஸே விசாரிக்கும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து, தனி விசாரணையாளர்களைக் கொண்ட ஆம்புட்ஸ்மன். பெயர் மாற்றம். இலச்சினையில் கிரீடத்தோடு யாழ், ஷாம்ராக், ஆலிவ் கிளை, தராசு. முப்பதாண்டு அந்தச் சீருடையில் நின்று சகாக்களைப் புதைத்தவர்களுக்குப் பெயர் மாற்றம் அவமானமாகப் பட்டது. அந்த வலி பொய்யில்லை. 2001 நவம்பர் 4 அன்று புதிய பெயரில் போலீஸ் வந்தது. அதே மாதம் கெயிலிக் சங்கம் தன் தடையை நீக்கியது. 2007 ஜனவரி 22 அன்று, புராட்டஸ்டன்ட் கொலைக் குழுவில் இருந்த தங்கள் உளவாளிகளைப் போலீஸ் பிரிவு காப்பாற்றி வந்ததை ஆம்புட்ஸ்மன் நுவாலா ஓ'லோன் அறிக்கையாக வெளியிட்டார். ஆறு நாள் கழித்து, அதுவரை போலீஸை அங்கீகரிக்க மறுத்துவந்த ஷின் ஃபேன் கட்சி தன் மாநாட்டில் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. அறிக்கைதான் தீர்மானத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தன் அழுக்கைத் தானே பொதுவில் கொட்டவைக்கும் ஓர் அமைப்பு இருந்ததால், அந்தத் தீர்மானத்தை மேடையில் நின்று வாதாட முடிந்தது.

2011 மார்ச்சில் 50:50 முறை முடிவுக்கு வந்தபோது கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை எட்டியிருந்தது. சில நாளிலேயே ஓமா நகரில் 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவரை அவர் கார் அடியில் வைத்த குண்டால் சமாதானத்தை ஏற்காத ஐரிஷ் குடியரசுக் குழு ஒன்று கொன்றது. அவர் சவப்பெட்டியைக் கெயிலிக் சங்க நண்பர்களும் போலீஸ் சகாக்களும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்துத் தூக்கிப்போனார்கள். பத்தாண்டுகளுக்கு முன் அந்த இரண்டு தோள்களும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கவே முடியாது. ஆனாலும் இதுவும் முடிந்த கதையில்லை. 2021 மக்கள்தொகைக் கணக்கில் கத்தோலிக்கப் பின்னணி உடையவர்கள் 45.7 சதவீதம், போலீஸில் அவர்கள் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டியே நிற்கிறது. 2023 ஆகஸ்டில், தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்கு அனுப்பிய பதிலில், ஏறத்தாழ 9,500 காவலர்கள், ஊழியர்களின் பெயர் விவரம் தவறுதலாக வெளியானது. போலீஸில் வேலை என்பதைச் சொந்த உறவினரிடமே சொல்லாமல் வைத்திருந்த கத்தோலிக்கக் காவலர்கள் என்ன செய்வார்கள்? அங்கே இன்றும் காலையில் கார் எடுக்குமுன் குனிந்து அடியில் பார்ப்பது வேலையில் ஒரு பகுதி.

இனி எதிர்வாதங்கள். தகுதி, திறமை கெட்டுவிடும் என்ற வாதம் தமிழ்நாட்டு வாசகருக்கு மனப்பாடம். பெல்ஃபாஸ்டிலும் அதே குரல்தான்: தேர்வில் தேறிய புராட்டஸ்டன்ட் இளைஞர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். தனிமனிதராக அவர்கள் பட்டது இழப்புதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் தேர்வானவர்கள் தேறியவர்களே. மேலும் போலீஸ் வேலையில் தகுதி என்பது மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. ஒரு தெருவுக்குள் கவச வண்டி இல்லாமல் நுழைய முடிவது, அந்தத் தெருக்காரர் சாட்சி சொல்ல முன்வருவது, வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைப்பது எல்லாம் தகுதிதான். ஒரே சமூகத்தால் ஆன படை அந்தத் தேர்வில் ஒவ்வொரு நாளும் தோற்கிறது.

சீருடை போட்டுவிட்டால் மதமும் இனமும் இல்லை, தொழில்முறைப் படைக்கு ஒதுக்கீடு எதற்கு என்பது இன்னொரு வாதம். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். 1993இன் புருண்டி ராணுவமும் தன்னைத் தேசிய ராணுவம் என்றுதான் சொல்லிக்கொண்டது. ஒதுக்கீடு அடையாளங்களை உறையவைக்கும் என்ற வாதத்துக்கு மட்டும் நான் பாதி இடம் கொடுப்பேன். லெபனானில் மத ஒதுக்கீடு தற்காலிகம் என்றே அரசியலமைப்பும் தாயிஃபும் சொல்கின்றன. ஆனால் தளபதி நாற்காலியைக் கனவு காணவே ஒரு சன்னி அதிகாரியால் இன்றும் முடியாது. வட அயர்லாந்திலோ அது நாடாளுமன்றம் புதுப்பித்தால்தான் நீடிக்கும் சட்டமாக இருந்தது. முடிவுத் தேதி வேண்டும் என்பது சரி. ஆனால் தேதியைக் காலண்டர் தீர்மானிக்கக் கூடாது, நிலவரம் தீர்மானிக்க வேண்டும்; 2011இல் அவசரப்பட்டுவிட்டார்கள் என்பதே என் எண்ணம். புருண்டியில் 2018இன் புதிய அரசியலமைப்பு, இன ஒதுக்கீட்டைத் தொடர்வதா கைவிடுவதா என்று ஐந்தாண்டுக்குள் ஆராயும்படி செனட்டிடம் சொன்னது. ஆளுங்கட்சியின் ஆதிக்கத்தில் உள்ள செனட்டில் அந்த ஆராய்ச்சி யாருக்கானது என்று கேட்பவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இலங்கையில் இந்த விவாதம் எழும்போதெல்லாம் அது ராணுவத்தில் தமிழர் எத்தனை பேர் என்ற கணக்கில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. சுதந்திரத்துக்குப் பின் அமைந்த படையின் அதிகாரிகளில் கிறிஸ்தவர்களும், பறங்கியரும், தமிழரும் கணிசமாக இருந்தார்கள். 1962 ஜனவரியில் பெரும்பாலும் கிறிஸ்தவ அதிகாரிகள் ஈடுபட்ட கவிழ்ப்பு முயற்சி முறிந்ததும் படை வேகமாகச் சிங்கள பௌத்தப் படையானது. போர் முடிந்த பின், 2012இல், கிளிநொச்சியில் நூற்றுச்சொச்சம் தமிழ்ப் பெண்களை ராணுவத்தில் சேர்த்துப் படம் எடுத்துக் காட்டினார்கள். லட்சக்கணக்கான பேர் கொண்ட படையில் அது கடுகளவு. அந்த அளவுக்குக்கூடக் கட்டளையோ, கணக்குக் கேட்கும் முறையோ மாறவில்லை. எண்ணிக்கையைவிடக் கனமான விஷயம் போலீஸ். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்கென்று தனி போலீஸ் பிரிவையே எழுதி வைத்திருக்கிறது. கொழும்பில் வந்த எந்த ஆட்சியும் அதைக் கொடுக்கவில்லை. 2023 ஜூலையில் அப்போதைய அதிபர் ரணில் விக்கிரமசிங்கவும், போலீஸ் அதிகாரத்தை விட்டுவிட்டு மற்றதைப் பேசலாம் என்றுதான் தமிழ்க் கட்சிகளிடம் சொன்னார். அரசே நியமித்த, தமிழர் தரப்பு நம்பாத நல்லிணக்க ஆணைக்குழுகூட 2011 அறிக்கையில் போலீஸை ராணுவத்தோடு தொடர்புடைய அமைப்புகளிடமிருந்து பிரிக்கச் சொன்னது. அந்த அறிக்கையில் இன்னொரு சிறிய பரிந்துரையும் இருக்கிறது: ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் இருபத்துநான்கு மணி நேரமும் இரு மொழி தெரிந்த காவலர் இருக்க வேண்டும், புகார் கொடுக்க வருபவரின் வாக்குமூலத்தை அவர் கேட்கும் மொழியிலேயே எழுத வேண்டும். தான் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடும்படி எந்தக் குடிமகனையும் கேட்கக் கூடாது என்பதே இதன் பொருள். இதற்கு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டாம், மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டாம். ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, இரவுப் பணிக்கு அனுப்பினால் போதும்.